பெங்களூரில் வார இறுதி இரவு எத்தனை பேர் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள்? கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்றிரவு நகரம் முழுக்க நடந்த சோதனையில் இத்தனை பேர் சிக்கினார்கள் என்று ஒரு செய்தி அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும். அல்சூரில் எங்கள் தெரு டீக்கடையில் அதை வைத்து அரை மணி நேரம் பேச்சு ஓடும். "போன வாரத்தைவிட கூடிடுச்சே, ஊரே கெட்டுப்போச்சு" என்பார் ஒருவர். "போன வாரம் மழை சார், போலீஸே நிக்கல" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பிடிபட்டவர்களின் எண்ணிக்கை, எத்தனை போலீஸ்காரர்கள் எங்கே எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதைத்தான் முதலில் காட்டும். சாலையில் போனவர்களில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள் என்பது வேறு கேள்வி. பின்னத்தில் மேலே போடும் எண் கிடைத்துவிட்டது, கீழே போடுவதற்கு எண் இல்லை.

அந்தக் கீழ் எண்ணோடு சேர்த்து எப்படி அளப்பது என்பதுதான் இங்கே. பொதுச் சுகாதாரம், புள்ளியியல் படிக்கும் மாணவர்கள், அவர்களுடைய ஆசிரியர்கள், போக்குவரத்துப் போலீஸோடு சேர்ந்து வேலை செய்ய ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியாளாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. செய்யவும் கூடாது.

கையில் இருக்கும் எண்கள் ஏன் போதாது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் மது அல்லது போதைப்பொருள் காரணம் என்று பதிவானது சுமார் 2.5 சதவீதம். அதிவேகம் என்று பதிவானது 70 சதவீதத்துக்கும் மேல். இதைப் பார்த்து 'குடி ஒரு பெரிய பிரச்சினையே இல்லை போல' என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒரு விபத்துக்கு ஒரு காரணம்தான் எழுத வேண்டும் என்றால், குடித்துவிட்டு வேகமாகப் போனவன் பெரும்பாலும் 'அதிவேகம்' கட்டத்தில் போய் விழுவான். விபத்தில் சிக்கிய ஒவ்வொருவருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தால்தான் குடி தெரியவரும், அப்படி நடப்பதில்லை.

போலீஸ் சோதனைக் கணக்கில் வேறு சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு, குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்ல போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. வளைந்து நெளிந்து வருகிற பைக்கை நிறுத்துவது போலீஸின் வேலை, அதில் தப்பே இல்லை. ஆனால் சந்தேகப்பட்டு நிறுத்திய 100 பேரில் 15 பேர் மாட்டினால், ஊரில் ஓட்டுகிறவர்களில் 15 சதவீதம் குடிகாரர்கள் என்று ஆகிவிடாது.

முதல் படி: எதை அளக்கப் போகிறோம் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

எங்கள் குழுவில் இந்த ஒரு வரிக்கே இரண்டு மாலைகள் போயின. கடைசியில் வந்தது இது: 'வெள்ளி, சனி இரவுகளில் 10 மணி முதல் 3 மணி வரை பெங்களூர் மாநகர எல்லைக்குள் சாலையில் செல்லும் மோட்டார் வாகனங்களை ஓட்டுகிறவர்களில், மூச்சுப் பரிசோதனையில் 30-க்கு மேல் காட்டுபவர்கள் எத்தனை சதவீதம்?'

இதில் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. அந்த 30, சட்டத்தின் 185-ஆம் பிரிவில் உள்ள வரம்பு: 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால். தாண்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு அபராதம் 2,000 ரூபாய் வரைதான் இருந்தது. இங்கிலாந்தில் இதே வரம்பு 80. அதனால் அந்த ஊர் சதவீதத்தையும் நம் சதவீதத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது.

'ஓட்டுகிறவர்களில்' என்றால் ஆட்களின் விகிதமா, ஓட்டங்களின் விகிதமா? சாலையில் நின்று அளக்கும்போது நமக்குக் கிடைப்பது ஓட்டங்களின் விகிதம். ஒரே இரவில் பத்து சவாரி போகும் ஆட்டோக்காரர் நம் கண்ணில் படும் வாய்ப்பு, ஒருமுறை மட்டும் வீடு திரும்புகிறவரைவிட அதிகம். இதை அறிக்கையில் சொல்லிவிட்டால் போதும்.

அப்புறம் தேதிக் குழப்பம். சனி இரவு 1 மணி என்பது காலண்டரில் ஞாயிறு. படிவத்தில் தேதியோடு 'இரவு எண்' என்று ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியில் ஏற்றும்போது பாதி சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமைக்குக் குடிபோய்விடும்.

இரண்டாம் படி: அனுமதி, சம்மதம், வீடு சேர்ப்பது

ஓடும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் நமக்கு இல்லை, போலீஸுக்குத்தான். ஆகவே போக்குவரத்துப் போலீஸ் கூட இருந்தே ஆக வேண்டும். அதே சமயம் போலீஸ் பக்கத்தில் நின்றால் யாரும் மனமுவந்து ஊத மாட்டார்கள். இந்த முரண்பாட்டை எப்படிச் சமாளிக்கிறோம் என்பதில்தான் முழுக் கணக்கெடுப்பின் மானமும் இருக்கிறது.

அமெரிக்காவில் 1973 முதல் இப்படி ஒரு தேசியச் சாலையோரக் கணக்கெடுப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தியிருக்கிறார்கள். வெள்ளி, சனி இரவுகளில் 10 முதல் 12 வரை, பிறகு 1 முதல் 3 வரை. 80-ஐ எட்டியவர்கள் 1973-இல் 7.5 சதவீதம், 2013-14-இல் 1.5 சதவீதம். நாற்பது ஆண்டுப் போக்கைக் காட்டும் அருமையான தொடர். ஆனால் 2013-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில், சீருடை போலீஸ் நிறுத்தியதால் 'இது கட்டாயம் போல' என்று நினைத்துவிட்டதாக மக்கள் கொதித்தார்கள். நகரப் போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது. போலீஸ்காரர் வண்டியைச் சாலையிலிருந்து ஓரத்துக்குத் திருப்பிவிடுவதோடு சரி. அதற்கு 20, 30 அடி தள்ளி, அவர் காதில் விழாத தூரத்தில், சாதாரண உடையில் நம் ஆள் பேச வேண்டும். இங்கே வரும் முடிவை வைத்து வழக்குப் போடுவதில்லை என்று போலீஸிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி எண், பெயர், போன் நம்பர் எதையும் குறிக்கக்கூடாது. ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். மருத்துவக் கல்லூரிகளில் அப்படிக் குழுக்கள் இருக்கும். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. காயத் தடுப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம் அது. அப்படிப்பட்ட ஓர் இடத்தின் பேராசிரியர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வரம்பைத் தாண்டியவரை என்ன செய்வது? கேஸ் இல்லை என்றோம், அதற்காகச் சாவியைக் கொடுத்து 'போய்ட்டு வாங்கண்ணா' என்று அனுப்பினால் அது பாவம். கூட வந்தவர் குடிக்காமல் இருந்தால் அவர் ஓட்டட்டும். அவரும் ஊத வேண்டும். இல்லாவிட்டால் நம் செலவில் கேப் அல்லது ஆட்டோ, வண்டியைப் பத்திரமாக நிறுத்த ஓர் இடம். பட்ஜெட்டில் முதல் வரியாக இதை எழுதுங்கள். பணம் குறைந்தால் இடங்களைக் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே நிற்பது

யாரைக் கேட்டாலும் முதலில் சர்ச் ஸ்ட்ரீட், இந்திராநகர் 100 அடி ரோடு, கோரமங்கலா 80 அடி ரோடு என்பார்கள். பப் வாசலில் நின்று அளந்தால் பப்பிலிருந்து வருகிறவர்களின் விகிதம் கிடைக்கும், ஊரின் விகிதம் கிடைக்காது. மீன் மார்க்கெட் வாசலில் நின்று ஊரில் எத்தனை பேர் அசைவம் என்று கேட்பது மாதிரி.

செய்ய வேண்டியது: நகர வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரியுங்கள். சீட்டுக் குலுக்கிக் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். வண்டி அதிகம் ஓடும் கட்டத்துக்கு அதிக வாய்ப்பு தரலாம். தந்தால் அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதைக் குறித்து வையுங்கள், பின்னால் கணக்கில் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பாதுகாப்பாக வண்டி நிறுத்த இடமும் தெருவிளக்கும் உள்ள சாலைத் துண்டுகளைப் பட்டியலிட்டு, அதிலும் குலுக்கல். ஓசூர் ரோடு, துமகூரு ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு மாதிரியான பெரிய சாலைகளும் வர வேண்டும். ஸ்ரீராமபுரத்துக்கும் ஓகளிபுரத்துக்கும் நடுவே ஓடும் உள்சாலைகளும் வர வேண்டும்.

இடம் மாதிரியே வேளையும் முக்கியம். வைன் ஷாப்கள் முதலில் மூடும், பப்புகள் 1 மணி வரை ஓடும். கடைப் பக்கம் நின்று குடித்துவிட்டு டூவீலரில் கிளம்பும் கூட்டம் முதல் அலை. பில் கட்டிவிட்டுக் காரை எடுக்கும் கூட்டம் அடுத்த அலை. ஒரே வேளையில் மட்டும் நின்றால் ஓர் அலை முழுசாகத் தப்பிவிடும். சம்பளம் வந்த முதல் வாரமும் கை காய்ந்த கடைசி வாரமும் ஒரே மாதிரி இருக்காது, ஆகையால் முழு மாதத்தையும் பிடியுங்கள். சின்னசாமி மைதானத்தில் மேட்ச் இருந்த இரவு, கொட்டும் மழை இருந்த இரவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

இங்கே ஒரு பழைய கதை. தமிழ்நாட்டில் கே. பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன் சூடு 2017 ஜூலையில் எம்.ஜி. ரோடு வரை வந்து, அந்தப் பக்கத்துப் பல பார்கள் மூடிக் கிடந்தன. கடை மூடினால் குடித்துவிட்டு ஓட்டுவது குறையுமா, அல்லது தூரமாகப் போய்க் குடித்துவிட்டு அதிக தூரம் ஓட்டி வருவார்களா? இப்படி ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றால் மாற்றத்துக்கு முன்பே அளக்கத் தொடங்கியிருக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு ஓடினால் 'முன்' என்ற பாதியே கையில் இருக்காது.

நான்காம் படி: எத்தனை பேர் வேண்டும்

உண்மை விகிதம் 5 சதவீதம் அளவில் இருக்கும் என்று வைத்து, முன்பின் 2 சதவீதப் புள்ளிக்குள் சொல்ல வேண்டும் என்றால்: 1.96-இன் வர்க்கம் (95 சதவீத உறுதியோடு சொல்வதற்கான எண் அது), அதை 0.05-ஆலும் 0.95-ஆலும் பெருக்கி, 0.02-இன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 456 வரும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிறுத்தப்படுபவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே கல்யாண ரிசப்ஷனிலிருந்து நாலு கார் வரிசையாக வரும். அதற்காக இரண்டால் பெருக்கினால் 912. ஐந்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 1,140 பேரை நிறுத்த வேண்டும்.

ஓர் இடத்தில் இரண்டு மணி நேரத்தில், இரண்டு கருவிகளோடு, 40 பேரைப் பார்க்கலாம். அப்படியானால் 29 அமர்வுகள். ஒரு குழு ஓர் இரவில் இரண்டு இடம், வாரத்தில் இரண்டு இரவு. இரண்டு குழு இருந்தால் நாலு வாரம். ஒரே இடத்தில் 200 பேரை அள்ளிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இடங்கள் அதிகமாக இருப்பதுதான் பலம், ஓர் இடத்தின் கூட்டம் அல்ல.

ஐந்தாம் படி: கருவி

எரிகலன் உணரி (fuel cell sensor) உள்ள கருவியையே வாங்குங்கள். சாவிக்கொத்தில் தொங்கவிடும் மலிவு விலை அரைக்கடத்திக் கருவிகள் வாசனைத் திரவியத்துக்கும் சிகரெட்டுக்கும்கூட ஆடும். திரையில் எண் காட்ட வேண்டும். 'பாஸ்', 'ஃபெயில்' என்று மட்டும் காட்டும் கருவி போலீஸுக்கு உதவலாம், நமக்கு உதவாது. 28 காட்டியவரும் பூஜ்யம் காட்டியவரும் நமக்கு ஒன்றல்ல.

அலகைக் கவனியுங்கள். சில கருவி மூச்சில் லிட்டருக்கு எத்தனை மில்லி கிராம் என்று காட்டும், சில கருவி ரத்த அளவாக மாற்றிக் காட்டும். வழக்கமான 2,100-க்கு 1 என்ற விகிதத்தில், ரத்தத்தின் 30 என்பது மூச்சில் லிட்டருக்கு சுமார் 0.14 மி.கி. இரண்டு குழுவிடம் இரண்டு விதக் கருவி இருந்து, யாரும் அலகை எழுதாமல் விட்டால் ஒரு மாத உழைப்பு குப்பை.

வாயில் மிச்சமிருக்கும் மது அளவைத் தூக்கிக் காட்டும். கடைசி வாய் குடித்து 15 நிமிடம் ஆகாதவரை உட்கார வைத்து, தண்ணீரில் கொப்பளிக்கச் செய்து, பிறகு ஊதச் சொல்லுங்கள். மவுத்வாஷுக்கும் இதே விதி. ஆளுக்கு ஒரு புது ஊதுகுழாய், அவர் கண் முன்னாலேயே பாக்கெட்டைக் கிழித்து.

எஜிபுரா ஆட்டோ ஸ்டாண்டில், ஓரமாக நிறுத்திய வண்டிகளோடு, விருப்பப்பட்டவர்களை மட்டும் வைத்து ஓர் ஒத்திகை பார்த்தோம். முதலில் வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல ஊதினா கேஸ் கீஸ் வராதே தம்பி?" என்றார். வராது என்று சொல்லி ஊத வைத்தால் 22 காட்டியது. அவருக்கு முகமே செத்துவிட்டது. "நான் மாலை போட்டிருக்கேன் தம்பி, ஒரு மாசமா தொடறதில்ல." கழுத்தில் மாலை இருந்தது. கொஞ்ச நேரம் முழித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் தன்னார்வலர் சுத்தத்துக்காகக் கையில் சானிடைசர் தடவி, அது காய்வதற்குள் குழாயைப் பிடித்து மாட்டியிருக்கிறார். சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தானே! கை காய்ந்து, புதுக் குழாய் போட்டதும் பூஜ்யம். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் விதி: கையுறை போட வேண்டும், சானிடைசர் கருவிப் பக்கமே வரக்கூடாது, ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ஒரு பூஜ்யச் சோதனை. வாடகைக்கு எடுத்த இரண்டாவது கருவியின் அளவுத்திருத்தச் சீட்டு காலாவதியாகியிருந்ததையும் அன்றுதான் கவனித்தோம்.

ஆறாம் படி: யாரை நிறுத்துவது, என்ன கேட்பது

யாரை நிறுத்துவது என்பதை மனிதக் கண்ணிடம் விட்டால் அது பழைய புத்தியைக் காட்டும்: குடும்பத்தோடு வரும் கார் போய்விடும், சத்தம் போடும் பைக் நிற்கும். விதி எளிமையாக இருக்கட்டும். ஒரு மேசை காலியானதும், சாலையில் போட்ட சாக்பீஸ் கோட்டை அடுத்து எந்த வண்டி கடக்கிறதோ அதுதான். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் மட்டும் விலக்கு.

இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து, கோட்டைக் கடக்கும் எல்லா வண்டிகளையும் வகைவாரியாக எண்ண வேண்டும்: டூவீலர், கார், ஆட்டோ, சரக்கு வண்டி. இதுதான் அந்தக் கீழ் எண். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு யு-டர்ன் போடுகிறவர்களையும், நடைபாதை வழியாக நழுவுகிறவர்களையும் தனிக் கோடாகக் குறிக்க வேண்டும். பெங்களூர் வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் டூவீலர். சந்தில் புகுந்து மறைய அவர்களுக்கு ஒரு நொடி போதும். வாட்ஸ்அப் குழுக்களில் 'அங்கே செக்கிங்' என்று செய்தி பறக்கும் ஊர் இது, ஆகவே ஓர் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

பேச்சு இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். குழுவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் யாரிடமாவது இருக்க வேண்டும். 'ஊது' கன்னடத்திலும் ஊதுதான் என்பது ஒரு சௌகரியம். எங்கிருந்து எங்கே போகிறீர்கள், இன்று குடித்தீர்களா, எங்கே, கடைசியாக எப்போது. இவ்வளவு போதும். 'குடித்துவிட்டு ஓட்டுவது தப்பு என்று நினைக்கிறீர்களா' என்ற கேள்வியை யாராவது சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நள்ளிரவில், போலீஸுக்குப் பக்கத்தில், அதற்கு ஒரே பதில்தான் வரும்.

சாலையில் நிற்க அனுமதி கிடைக்காவிட்டால்

பகடையை வைத்து ஒரு வழி இருக்கிறது. தமிழ்ச் சங்கக் கூட்டத்திலோ அபார்ட்மென்ட் சங்கத்திலோ செய்யலாம். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் பகடை உருட்டட்டும். 1 விழுந்தால் 'ஆம்' என்று எழுத வேண்டும், 6 விழுந்தால் 'இல்லை'. மற்ற எண் விழுந்தால் 'கடந்த 30 நாளில் குடித்துவிட்டு ஓட்டினீர்களா' என்பதற்கு உண்மைப் பதில். யாருடைய 'ஆம்' பகடையால் வந்தது, யாருடையது உண்மை என்று எவருக்கும் தெரியாது. மொத்தத்தில் 22 சதவீதம் 'ஆம்' என்றால், அதிலிருந்து பகடையால் வந்த 'ஆம்'களை, அதாவது மொத்தப் பேரில் ஆறில் ஒரு பங்கான 16.7-ஐக் கழித்து, ஒன்றரையால் பெருக்கினால் 8 சதவீதம். இது வேறு கேள்விக்கான பதில், அந்தக் கூட்டத்துக்கு மட்டுமான பதில். ஆனாலும் கை தூக்கச் சொல்லிக் கேட்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஏழாம் படி: கணக்கு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓர் உதாரணம், எண்கள் கற்பனை. ஓர் இடத்தில் 10 மணிக்கு மேல் 900 வண்டி போனது. 30 பேரைச் சோதித்ததில் ஒருவர் வரம்புக்கு மேல். இன்னோர் இடத்தில் 1 மணிக்கு மேல் 240 வண்டி; 30 பேரில் 6 பேர். சும்மா கூட்டினால் 60-க்கு 7, அதாவது 11.7 சதவீதம். ஆனால் முதல் இடத்தில் சோதித்த ஒவ்வொருவரும் 30 வண்டிக்குப் பிரதிநிதி, இரண்டாவதில் 8 வண்டிக்கு. அப்படிப் பார்த்தால் 1,140 வண்டியில் 78, அதாவது 6.8 சதவீதம். எண்ணிக்கைக்காரர் ஓரமாக உட்காராமல் போயிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மிகைப்படுத்தியிருப்போம். இடத்தைத் தேர்ந்தெடுத்த வாய்ப்பையும் இதோடு சேர்க்க வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் சர்வே (survey) தொகுப்பு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். பிழை வரம்பை ஆட்களை வைத்துப் போடாமல் இடங்களை வைத்துப் போடச் சொல்லுங்கள்.

மறுத்தவர்களை மறைக்காதீர்கள். 500 பேரை நிறுத்தி 400 பேர் ஊதி 20 பேர் தாண்டினால் 5 சதவீதம் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. மறுத்த 100 பேரில் ஒருவரும் குடிக்கவில்லை என்றால் 4 சதவீதம். ஊதியவர்களைப் போல இரண்டு மடங்கு என்றால் 6. அத்தனை பேரும் என்றால் 24. நான் மூன்றையும் அச்சிடுவேன். பத்திரிகைக்காரர் 24-ஐத் தலைப்பாகப் போடுவார் என்ற பயம் நியாயமானதுதான், அதற்காக எண்ணை ஒளித்து வைக்க முடியாது. மறுத்தவரின் வண்டி வகை, நேரம், கூட ஆள் உண்டா என்பதையாவது குறித்தால் இந்த அகலமான இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கலாம். மறுத்தவர் முகத்துக்கு அருகே அவருக்குத் தெரியாமல் உணரியை நீட்டி அளக்கும் வழக்கமும் உண்டு; எனக்கு அதில் சம்மதமில்லை.

முடிவை ஒரே சதவீதமாகத் தராமல் நாலு படியாகப் பிரியுங்கள்: பூஜ்யம், 30 வரை, 30-க்கு மேல் 80-க்குள், 80-உம் அதற்கு மேலும். டூவீலருக்குத் தனி, காருக்குத் தனி, 12-க்கு முன் தனி, பின் தனி.

கடையைக் கட்டும் முன்

ஒவ்வோர் இரவும் பயன்படுத்திய ஊதுகுழாய்களைப் பையில் போட்டு வையுங்கள். கிளம்பும் முன் அவற்றை எண்ணி, படிவங்களோடு ஒப்பிடுங்கள். எங்கள் ஒத்திகை இரவில் பையில் 61 குழாய், தாளில் 58 பதிவு. பெரியவரின் முதல் குழாய் ஒன்று, பூஜ்யச் சோதனைக்குப் போட்டது ஒன்று. மூன்றாவதைத் தேடி அரை மணி நேரம் படிவங்களைப் புரட்டினோம். கடைசியில் எண்ணிக்கைக்கு உட்கார்ந்திருந்த பையன் கையைத் தூக்கினான்: "தூக்கம் வந்துச்சு சார், சும்மா நானும் ஒரு தடவை ஊதிப் பார்த்தேன்."